எல்லாம் ஹார்ன்பி அல்ல

எங்கள் சத்தியமங்கலத்துக்கு ரயில் கிடையாது. சாம்ராஜ்நகரிலிருந்து சத்தி வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போடுவதாகப் பல பத்தாண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குறுக்கே காடு இருக்கிறது. 2013இல் அது புலிகள் காப்பகமும் ஆனது. புலிக்குத்தான் முன்னுரிமை, எனக்கு அதில் புகாரில்லை. ஆனால் இப்படியொரு ஊரில் ரயில் பைத்தியம் பிடித்துத் தொலைத்தவன் என்ன செய்வான்? மேசைமேல் ஓடும் ரயிலை வாங்குவான். புதிது கட்டுபடியாகாது, பழசு தேடிப் போவான். போகிற இடத்திலெல்லாம் அவனுக்கு ஒரே வாக்கியம் காத்திருக்கும்: "ஒரிஜினல் ஹார்ன்பிங்க தம்பி."

எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் கோபம் இருக்கிறது. வனஸ்பதி எல்லாம் டால்டா, நகல் எல்லாம் ஜெராக்ஸ் ஆகிப்போன நாட்டில் பொம்மை ரயில் எல்லாம் ஹார்ன்பி ஆனால் என்ன குடிமுழுகிவிட்டது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். டால்டா என்று சொன்னதற்காக யாரும் வனஸ்பதிக்கு மூன்று மடங்கு விலை வைப்பதில்லை. அது ஒன்று. இன்னொன்று, ஒரு பொருளை யார் செய்தது என்ற கேள்விக்கு எந்த பிராண்ட் என்று பதில் சொல்வதையே நாம் பழக்கமாக்கிக்கொண்டுவிட்டோம். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இந்தக் குட்டி எஞ்சின்களைப் போல இதைத் துல்லியமாகக் காட்டித்தரும் பொருள் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

முதலில் ஹார்ன்பியையே எடுத்துக்கொள்வோம். லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் சாவி கொடுத்து ஓடும் தகர ரயில்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1938இல் 'ஹார்ன்பி டப்லோ' என்ற சிறிய அளவு ரயில்கள் வந்தன. வார்ப்பு உலோக உடல், மூன்று தண்டவாளம், கையில் எடுத்தால் எடைக்கல் போலக் கனக்கும். பிளாஸ்டிக் உடலும் இரண்டு தண்டவாளமும் கொண்டு, விலையில் அதைத் தோற்கடித்தது ட்ரை-ஆங். 1964இல் ட்ரை-ஆங்கின் முதலாளிகளான லைன்ஸ் சகோதரர்கள் மெக்கானோவையே வாங்கிவிட்டார்கள். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். டப்லோ அச்சுகள் தங்களுக்குத் தேவையில்லை என்று அவற்றை ரென் என்ற கம்பெனிக்கு விற்றார்கள். ஹார்ன்பி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1971இல் லைன்ஸ் சகோதரர்கள் நொடித்துப்போக, 1972 முதல் ட்ரை-ஆங் பெயரும் உதிர்ந்து, மார்கேட் ஊர்த் தொழிற்சாலையில் ட்ரை-ஆங் வழிவந்த ரயில்கள் 'ஹார்ன்பி ரயில்வேஸ்' என்று வெளிவந்தன.

இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். 1970களில் ஹார்ன்பி என்று பெட்டியில் போட்டு வந்த எஞ்சின் ட்ரை-ஆங்கின் பிள்ளை. ஹார்ன்பியின் சொந்த அச்சிலிருந்து வார்க்கப்பட்ட எஞ்சினோ ரென் என்ற பெயரில் வேறு பெட்டியில் வந்துகொண்டிருந்தது. "ஒரிஜினல் ஹார்ன்பி" என்று அடித்துச் சொல்கிறவரிடம் எந்த ஹார்ன்பி என்று கேட்டால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். 1990களின் பிற்பாதியில் உற்பத்தி சீனாவுக்குப் போனதையும் சேர்த்தால், ஒரே பெயருக்குள் குறைந்தது நாலு வெவ்வேறு வகையறா எஞ்சின்கள் இருக்கின்றன. லிவர்பூலில் வார்த்த இரும்புக்குண்டும் குவாங்டாங்கில் கோர்த்த நுண்வேலையும் ஒரே விலைச்சீட்டில்.

அச்சு நாடோடியாகத் திரிவதும் இந்தத் தொழிலில் வாடிக்கை. இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயில் ஓடிய '14எக்ஸ்எக்ஸ்' என்ற சின்ன டேங்க் எஞ்சினுக்கு ஏர்ஃபிக்ஸ் ஒரு நல்ல அச்சு செய்தது. ஏர்ஃபிக்ஸ் 1981இல் வீழ்ந்ததும் ரயில் அச்சுகள் பாலிடாய் கைக்குப் போய், 1985இல் டேப்போலுக்குப் போய், 1996இல் ஹார்ன்பியிடம் வந்து சேர்ந்தன. அந்த அச்சை வெட்டியவர்கள் அதன்பின் ஒரு முறைகூட அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். பெட்டிகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. பாலிடாய் 'மெயின்லைன்' என்ற பெயரில் விற்ற ரயில்களின் கதை இன்னும் வேடிக்கை. அவற்றைச் செய்தது ஹாங்காங்கின் கேடர். அச்சுகளும் கேடர் வசமே இருந்தன. 1987இல் கேடர் அமெரிக்காவின் பாக்மன் கம்பெனியை வாங்கியது. கொஞ்ச நாளில் அதே அச்சுகள் பாக்மன் பெயரில் இங்கிலாந்துக் கடைகளுக்குத் திரும்பி வந்தன. இத்தனை வருடமும் வேலை பார்த்த கேடரின் பெயரைப் பெட்டியின் முன்பக்கத்தில் யாரும் பெரிதாகப் போடவில்லை.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரியையும் எவன் எழுதினான், என்றைக்கு எழுதினான், எந்த அவசரத்தில் எழுதினான் என்று 'கிட்' பதிவில் தோண்டி எடுக்கலாம். அதே சமயம் நாங்கள் எழுதிய செயலிக்கு வெளியே தொங்கும் பெயர் எங்கள் கம்பெனியுடையதாக இருக்காது. எங்கேயோ ஒரு வங்கியின் பெயர் இருக்கும். அதனால் கேடரின் நிலை எனக்கு நன்றாகவே புரியும்.

சரி, பழைய எஞ்சின் கையில் வந்தால் யார் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விற்கிறவர் பக்கவாட்டைக் காட்டுவார். நீங்கள் கவிழ்த்துப் பாருங்கள். ஜாதகம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தாலியின் விச்சென்சாவில் செய்த லீமா எஞ்சின்களில் பெரும்பாலும் பெயரும் இத்தாலி என்பதும் அடித்தட்டிலேயே வார்த்திருக்கும். 'மேட் இன் ஹாங்காங்' என்றிருந்தால் மார்கேட்டையும் லிவர்பூலையும் மறந்துவிடலாம். எழுத்து எதுவும் இல்லையென்றால் சக்கரத்துக்கு வாருங்கள். பழைய லீமாவின் சக்கர விளிம்பு மற்றவர்களுடையதைவிட ஆழமாக, தட்டுப்போல வெளியே நிற்கும். பிறகு மோட்டார். ட்ரை-ஆங்கின் எக்ஸ்.04 மோட்டார் திறந்த மேனியாக இருக்கும், கம்பிச் சுற்று கண்ணுக்குத் தெரியும். லீமாவுடையது பணியாரம்போல வட்டமாகத் தட்டையாக இருக்கும். 1970களில் ஹார்ன்பியும் வட்ட மோட்டாருக்கு மாறியதால் வட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அடுத்தது ஸ்கேல். பிரிட்டிஷ் ஓஓ அளவு 76இல் ஒரு பங்கு, மற்ற நாடுகளின் எச்ஓ 87இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி ஒன்றே, 16.5 மில்லிமீட்டர். குழப்பத்தின் ஊற்றே இதுதான். நிஜத்தில் 20 மீட்டர் நீளமுள்ள எஞ்சின் ஓஓவில் 26 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே, எச்ஓவில் 23க்கு ஒரு நூல் உள்ளே. காலேஜில் வாங்கிய வெர்னியர் காலிப்பர் எனக்கு இதற்குத்தான் உதவுகிறது, வேறு எதற்கும் உதவியதாக நினைவில்லை. இதிலும் கண்ணி உண்டு. லீமா முதலில் பிரிட்டிஷ் ரயில்களையே எச்ஓவில் செய்துவிட்டுப் பிறகுதான் ஓஓவுக்கு வந்தது.

அடியில் நடுவே ஒரு சறுக்குப் பட்டை தொங்கினால் அது நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிற வண்டி. ஜெர்மனியின் மார்க்லினாக இருக்கலாம், டப்லோவாக இருக்கலாம். மார்க்லின் மாறுமின்னோட்டத்தில் ஓடுவது, டப்லோ நேர்மின்னோட்டத்தில் ஓடுவது. இந்த மார்க்லினை ஹார்ன்பி என்று நம்பி வாங்கி வந்து சாதாரண இரண்டு தண்டவாளத்தில் வைத்தால் என்ன ஆகும்? இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே மின்காப்பு இல்லாததால் வைத்த நொடியில் ஷார்ட் ஆகும். வண்டி அசையாது, கன்ட்ரோலர்தான் சூடேறும். "ஓடலீங்க, செத்த மோட்டாருங்க" என்று பழைய இரும்பு விலைக்குத் தள்ளப்பட்ட நல்ல மார்க்லின்கள் உண்டு.

ஆக, "ஓடினாப் போதாதா, பேர் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. பேர் தெரியாமல் ஓட்டவே முடியாது. ஹார்ன்பிக்கான கார்பன் பிரஷ்ஷை வாங்கி லீமாவுக்குள் திணிக்க முடியாது. அந்தக் கால மெயின்லைனில் சக்கர அச்சுகளை இணைக்கும் பிளாஸ்டிக் வெடிக்கும் என்று தெரிந்தவன் வாங்கும்முன் அதைச் சோதிப்பான், தெரியாதவன் வீட்டுக்குப் போய் அழுவான். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் வார்ப்பு வருடக்கணக்கில் உள்ளிருந்தே ஊதி வெடித்துப் பொடியாகும். போருக்கு முந்தைய டப்லோக்களில் இந்த நோய் உண்டு, 2000ஐ ஒட்டிய சில சீன வார்ப்புகளிலும் உண்டு. யார் செய்தது, எப்போது செய்தது என்பது இங்கே மருத்துவக் கேள்வி.

நம் ஊரில் இந்தக் குழப்பம் இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2001 வரை நுகர்பொருள் இறக்குமதிக்கு நம் நாட்டில் கட்டுப்பாடு இருந்தது. கடைக்குப் போய் மாடல் ரயில் வாங்குவது நடக்காத காரியம். வந்தவை எல்லாம் யாரோ ஒருவரின் சூட்கேஸில் வந்தவை. வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்தார், லண்டனிலிருந்து பெரியப்பா கொண்டுவந்தார். சூட்கேஸில் இடம் அடைக்கும் என்று முதலில் தூக்கி எறிந்தது அட்டைப் பெட்டியை. அதனால் இங்கே புழங்கும் எஞ்சின்கள் பெரும்பாலும் பெட்டியில்லாத அனாதைகள். அனாதைக்கு யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம் என்றாகிவிட்டது.

கோவையில் ஒரு பழைய பொருட்கடை. கடைக்காரர் நல்ல மனுஷர், டீ வாங்கிக் கொடுத்துத்தான் பேச ஆரம்பிப்பார். போன வருஷம் ஒரு டீசல் எஞ்சினை எடுத்து வைத்தார். ஐரோப்பிய உடல், ஆனால் அதன்மேல் நம் ரயில்வேயின் நிறம் பூசியிருந்தது. பக்கவாட்டில் ஊசிமுனைத் தூரிகையால் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் 'ஈரோடு' என்று எழுதியிருந்தது. தமிழ் எழுத்து மூன்று மில்லிமீட்டர் உயரம்தான், றகரமோ ரகரமோ என்று கண் சுருக்க வேண்டியதில்லை, அவ்வளவு தெளிவு. முகப்பு விளக்குக்குப் பக்கத்தில் வெட்டி ஒட்டிய சின்னப் படிக்கட்டு வேறு.

"ஹார்ன்பிக்காரன் இந்தியாவுக்குன்னே ஸ்பெசலாப் போட்டதுங்க தம்பி. இந்த பீஸு எங்கீமே கெடைக்காது."

கவிழ்த்தேன். லீமா, இத்தாலி.

"இத்தாலின்னு போட்டிருக்குதுங்களேண்ணா."

"அது மோட்டார் மட்டுந்தானுங்க இத்தாலி. பாடி லண்டன்."

மோட்டாரும் அடித்தட்டும் உடலும் ஒரே பிறப்பு என்று திருகாணியைக் காட்டி விளக்கினேன். அவர் விடவில்லை. 2004இல் திவாலான லீமாவின் பெயரையும் அச்சுகளையும் ஹார்ன்பி வாங்கிய செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. "அப்ப ரெண்டும் ஒன்னுதானுங்களே!" என்றார். மாமனார் தோட்டத்தை மருமகன் வாங்கிவிட்டால், முப்பது வருஷத்துக்கு முன் அங்கே நட்ட தென்னையையும் மருமகன்தான் நட்டான் என்று ஆகிவிடுமா? சொன்னேன். சிரித்தார். விலை இறங்கவில்லை.

இதுவரைக்கும் வழக்கமான வியாபாரக் கூத்து. எனக்கு எரிச்சல் வந்தது அடுத்த விஷயத்தில். அடித்தட்டின் ஓரத்தில், லீமா எழுத்துக்குக் கீழே, அதே வெள்ளைப் பெயின்டில் இரண்டு எழுத்து இனிஷியலும் '86' என்ற எண்ணும் இருந்தன. அந்த வண்டிக்கு ஈரோடு என்று பெயர் எழுதியவரின் கையெழுத்து. ரயில்வேக்காரரா, சைன்போர்டு எழுதுகிறவரா, பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டரா, யார் கண்டது. கடைக்காரர் அதைக் கட்டைவிரலால் தேய்த்தபடி சொன்னார்: "இது ஒரு குப்பைங்க, யாரோ கிறுக்கியிருக்கறான். தின்னர் போட்டாப் போயிரும். தொடச்சுத் தந்தர்றனுங்க."

வேண்டாம் என்று சொல்லி அவர் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டேன். அவருடைய கணக்கு அவருக்குச் சரி. கையெழுத்து இருந்தால் "ரீபெயின்ட்", இல்லாவிட்டால் "ஒரிஜினல்". சந்தை இந்த இரண்டு சொல்லைத்தான் கற்றுவைத்திருக்கிறது. அந்த வண்டியில் லட்சத்தில் ஒன்றாக வார்த்துத் தள்ளிய உடல் ஒரிஜினலாம். உலகத்தில் ஒன்றே ஒன்றாக எழுதிய 'ஈரோடு' குப்பையாம். வெளிநாட்டுத் தொழிற்சாலையின் பெயரைப் பொய்யாகவாவது ஒட்டிக்கொள்ள வேண்டும், உள்ளூர்க்காரன் கையெழுத்தை உண்மையாக இருந்தாலும் அழிக்க வேண்டும். இந்தப் புத்தி கடைக்காரருக்கு மட்டும் இருப்பதில்லை. விலை கொடுத்து வாங்குகிற நாம்தான் அதை வளர்த்தோம்.

இதே புத்தியை மேட்டுப்பாளையத்திலும் பார்க்கலாம், நிஜ ரயிலில். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரைக்கும் ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறுகிற மலையில் பல்சக்கரம் கடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போகும் எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்எல்எம் தொழிற்சாலையில் செய்தவை. 1914 முதல் 1925 வரைக்கும் வந்தன, மறுபடி 1952இல் வந்தன. 2010க்குப் பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகுப்பில் புது எஞ்சின்களைக் கட்டி அனுப்பியது, முதலில் அனுப்பியவை எண்ணெயில் ஓடுபவை. நாலு சிலிண்டர், அதில் பாதி சாதாரணச் சக்கரத்துக்கு, பாதி பல்சக்கரத்துக்கு. நூறு வருடம் முன்பு வேறு கண்டத்தில் வரைந்த இயந்திரம். உலகம் நீராவியைக் கைவிட்டபின் அதைப் புதிதாகக் கட்டி மலை ஏற்றுவது விளையாட்டுக் காரியமா? ரயில் பிரியர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிலர் மேட்டுப்பாளையம் பிளாட்பாரத்தில் நின்று, "இது சுவிஸ் இல்லீங்க, டூப்ளிகேட்" என்று கேமராவை மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். டூப்ளிகேட்டாம்! பொன்மலையில் செய்த எஞ்சின் பொன்மலை ஒரிஜினல்.

நிஜ எஞ்சின்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். செய்தவர் பெயர், ஊர், வருடம், வரிசை எண் எல்லாம் பொறித்த பித்தளையோ இரும்போ ஒரு தகடு உடம்பிலேயே இருக்கும். கூம்பு மூக்கும் நட்சத்திரமுமாக நம் தாத்தாக்கள் பார்த்து வாய்பிளந்த டபிள்யூபி வகுப்பு எஞ்சின்களில் முதல் பதினாறு 1947இல் அமெரிக்காவின் பால்ட்வினிலிருந்து வந்தவை. 1960களில் வந்தவை நம் சித்தரஞ்சனில் செய்தவை. தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், தகடுதான் சொல்லும். ஈரோடு பக்கம் ஓடிய டபிள்யூடிஎம்-2 டீசல்களும் அப்படித்தான். 1962இல் முதலில் வந்தவை அமெரிக்காவின் ஆல்கோ செய்தவை, 1964 முதல் வாரணாசியில் செய்தவை. சித்தரஞ்சன்காரனும் வாரணாசிக்காரனும் வெளிநாட்டு வரைபடத்தில்தான் ஆரம்பித்தார்கள். தகட்டில் தங்கள் ஊர்ப் பெயரை அடித்துவிட்டுத்தான் வண்டியை வெளியே அனுப்பினார்கள்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதே இல்லை. இந்த ஊரின் பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் பின்னால் எத்தனை ஃபவுண்டரிகள், எத்தனை லேத் பட்டறைகள், எத்தனை ஜாப் வொர்க் வீடுகள் என்று அவர்களுக்குத் தெரியும். கணபதியில் வார்த்ததை இன்னொரு தெருவில் கடைந்து, மூன்றாவது தெருவில் பெயின்ட் அடித்து, கடைசியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்டிக்கர்க்காரர் பெயர்தான் ஊரெல்லாம் தெரியும். என் உறவில் ஒருவர் முப்பது வருடம் பேட்டர்ன் செய்தார், அவர் மரத்தில் செதுக்கிய பம்ப் உடலின் வளைவுக்கு மேல் வேறொருவர் பெயர் புடைத்து நிற்கும். அந்தப் பெயர் எழுத்துகளையும் அவர்தான் செதுக்கிக் கொடுத்தார். அவரிடம் இந்த கேடர் கதையைச் சொன்னபோது, "ஹாங்காங்குலயும் அப்படித்தானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார்.

பழசு விற்கிறவர்களிடமும் சேகரிக்கிறவர்களிடமும் நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். உடல் எவருடையது, மோட்டார் எவருடையது, அடித்தட்டில் என்ன எழுத்து இருக்கிறது, நிறம் பிறகு பூசியதா என்று தனித்தனியாக எழுதுங்கள். இந்த எஞ்சின்கள் பலவும் இரண்டு மூன்று செத்த வண்டிகளை வெட்டி ஒட்டிப் பிழைத்தவை. ஒற்றைப் பெயர் கேட்டால் அதுவே பொய்யின் ஆரம்பம். தெரியவில்லை என்றால் 'செய்தவர் தெரியவில்லை' என்று எழுதுங்கள். அப்படி எழுதிய சீட்டைப் பார்த்து என்றைக்காவது ஒருவர் "இது எங்கப்பா கையெழுத்தாச்சே" என்று வந்து நிற்க வாய்ப்பிருக்கிறது. 'ஒரிஜினல் ஹார்ன்பி' என்ற சீட்டைப் பார்த்து அவர் அப்படியே கடந்து போய்விடுவார்.

வாங்குகிற தம்பி தங்கைகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "ஹார்ன்பிதானுங்களா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு விற்கிறவர் வாயிலிருந்து ஆமாம் என்பதைத் தவிர வேறெதுவும் வராது. எஞ்சினை வாங்கிக் கவிழ்த்து, போன் டார்ச்சை அடித்து, அடியில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசியுங்கள். தின்னர் பாட்டிலை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருக்கும் வண்டியின் சீட்டில் இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: உடலும் மோட்டாரும் லீமா, விச்சென்சா. நிறமும் எழுத்தும் படிக்கட்டும் உள்ளூர்க் கைவேலை, 1986, இனிஷியல் அடித்தட்டில், முழுப்பெயர் தெரியவில்லை. ஒரு சக்கரத்தில் ரப்பர் வளையம் புதிது, நான் மாற்றியது.